கோழி அடை படுத்துவிட்டதா? சேவல் கணக்கையும் இப்போதே போட்டுவிடுங்கள்

முட்டை எடுக்கக் கூட்டுக்குள் கையை விடுகிறீர்கள். தினமும் தானாக எழுந்து வழிவிடும் கோழி இன்று அசையவில்லை. உடம்பை உப்பிக்கொண்டு, தரையோடு தரையாகப் பரந்து, தொண்டைக்குள் ஒரு மாதிரி உறுமுகிறது. இன்னும் கொஞ்சம் கையை நீட்டினால் நறுக்கென்று ஒரு கொத்து. மாலையில் மற்றக் கோழிகள் எல்லாம் தூங்கும் கம்பில் ஏறிவிட, இது மட்டும் அதே இடத்தில் கிடக்கிறது. முதன்முறை பார்க்கிறவர்கள் ஏதோ நோய் என்று பயந்துவிடுவார்கள். நானும் பயந்து மருந்துக்கு அலைந்தவன்தான். கோழிக்கு நோய் ஒன்றும் இல்லை. அது அடை படுத்திருக்கிறது.

இரண்டையும் பிரித்தறிவது கஷ்டமில்லை. நோய்க்கோழி கண்ணை மூடி, தலையைத் தொங்கப்போட்டு ஒதுங்கி நிற்கும். தூக்கினால் எதிர்ப்பே இருக்காது. அடைக்கோழிக்கோ கண் துறுதுறுவென்று இருக்கும். கீழே இறக்கிவிட்டால் 'கொக்... கொக்' என்று இடைவிடாமல் கேறிக்கொண்டு, இறகைச் சிலிர்த்தபடி நாலு வாய் தீனியைக் கொத்திவிட்டு, தண்ணீர் குடித்து, நேராகக் கூட்டுக்கே திரும்பும். அந்த இடைவெளியில் ஒரே தடவையாக எச்சமிடும் பாருங்கள், அளவும் நாற்றமும் அபாரம். நாள் முழுக்க அடக்கி வைத்திருந்து கூட்டுக்கு வெளியே கழிப்பதால் அப்படி. மார்பிலும் அடிவயிற்றிலும் இறகு உதிர்ந்து தோல் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

உள்ளே நடப்பது

மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி புரோலாக்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. பாலூட்டிகளுக்குப் பால் சுரக்க வைக்கும் அதே ஹார்மோன்தான். கோழிக்குப் பால் இல்லை, ஆனால் தாய்மை வேலையை இங்கேயும் அதுதான் கவனிக்கிறது. பகல் பொழுது நீளும்போது, வெயில் ஏறும்போது, இருட்டான கூட்டில் முட்டைகள் எடுக்கப்படாமல் சேரும்போது புரோலாக்டின் ஏறத் தொடங்கும். அது ஏற ஏற, முட்டை உருவாக்கும் ஹார்மோன்கள் இறங்கும். முட்டை உருவாகும் சூலகம் சுருங்கும், முட்டையிடுவது நின்றுவிடும். அடைக்கோழி ஏன் முட்டையிடுவதில்லை என்பதற்கு இதுதான் காரணம். ஒரே உடம்பு முட்டையும் இட்டு அடையும் காக்க முடியாது.

இறகு உதிர்ந்த அந்த வெற்றுத்தோலுக்கு ஒரு வேலை உண்டு. அங்கே ரத்த ஓட்டம் அதிகமாகி, முட்டையோடு நேரடியாக ஒட்டிச் சூடு கொடுக்கும். அதோடு, முட்டை அந்தத் தோலில் படும் உணர்வே புரோலாக்டினை இறங்கவிடாமல் பிடித்து வைக்கிறது. உட்கார உட்கார அடை முற்றும், அடை முற்ற முற்ற உட்காரும். இந்தச் சுற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடையைத் தெளியவைக்கும், அதாவது கோழியை அடையிலிருந்து எழுப்பிப் பழையபடி திரிய வைக்கும் வழி இதிலிருந்துதான் வருகிறது.

கோழி எதையும் சரிபார்த்துவிட்டு உட்காருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சேவலே இல்லாத இடத்திலும் அடை படுக்கும். கரு இல்லாத முட்டைமேல், உருண்டையான கல்மேல், சில சமயம் வெறும் வைக்கோல்மேல்கூட மூன்று வாரம் தவம் கிடக்கும். 'முட்டை கூமுட்டையாச்சே, தெரியாதா இதுக்கு?' என்றால், தெரியாது.

எல்லாக் கோழிக்கும் இந்தக் குணம் ஒரே அளவில் இல்லை. கோழிகளின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி சில முட்டைகள் இட்டதும் அடை காக்க உட்கார்ந்துவிடும். ஆண்டுக்கு 300 முட்டையை ஒட்டி இடுகிற வெள்ளை லெக்ஹார்ன் போன்ற இனங்களில், அடை படுக்கும் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டார்கள். அடை படுக்காததால்தான் அவ்வளவு முட்டை. மாறாக சில்கி, கொச்சின், அசீல் போன்றவை காரணம் கிடைத்தால் போதும், உட்கார்ந்துவிடும். உங்களிடம் இருப்பது கலப்புக் கோழி என்றால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

குஞ்சு வேண்டுமா, வேண்டாமா?

அடைக்கோழியைப் பார்த்ததும் 'ஆஹா, குஞ்சு!' என்று கையில் கிடைத்த முட்டையை எல்லாம் அடியில் தள்ளிவிடுவதுதான் ஆரம்பத்தில் எல்லோரும் செய்கிற தவறு. குஞ்சு வருவது சந்தோஷம்தான். ஆனால் வருகிற குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி சேவலாக இருக்கும். நாலு மாதம் கழித்து ஆறு சேவல் கொல்லையில் சண்டை போட்டுக்கொண்டு நிற்கும்போது யோசிப்பதைவிட, முட்டை வைக்கும் நாளில் யோசிப்பது சுலபம். அந்த ஆறு சேவலை என்ன செய்வேன் என்பதற்குப் பதில் இல்லையென்றால், இந்த முறை அடையைத் தெளியவைத்துவிடுங்கள்.

எப்படித் தெளியவைப்பது? முட்டைகளை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. கம்பி வலையை அடித்தளமாகக் கொண்ட ஒரு கூண்டில், வைக்கோல் எதுவும் போடாமல், தரையிலிருந்து சற்று உயர்த்தி, வெளிச்சமான இடத்தில் கோழியை விடுங்கள். தீனியும் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும். பட்டினி போடக்கூடாது. அடியில் காற்று ஓடும், உட்கார்ந்தால் வயிறு சூடாகாது, இருட்டு மூலையும் இல்லை. மேலே சொன்ன சுற்று இதில் அறுந்துவிடும். மூன்று நாள் கழித்து வெளியே விட்டுப் பாருங்கள். மற்றவற்றோடு சேர்ந்து கிளறித் திரிந்து, இரவில் கம்பில் ஏறினால் தெளிந்துவிட்டது. நேராகக் கூட்டுக்கு ஓடினால் இன்னும் இரண்டு நாள். எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறீர்களோ அவ்வளவு சீக்கிரம் தெளியும். முதல் நாளே பிடித்தால் மூன்று நாளில் முடிகிற வேலை, பத்து நாள் விட்டுப் பிடித்தால் இழுத்தடிக்கும். மறுபடி முட்டையிட ஓரிரு வாரமோ அதற்குச் சற்று மேலோ ஆகலாம்.

தண்ணீரில் முக்கி எடுப்பது, மூக்கில் இறகைச் செருகுவது என்றெல்லாம் சிலர் சொல்வார்கள். வேண்டாம். முதலாவது கோழியை நடுங்க வைக்கும், இரண்டாவது வெறும் சித்திரவதை. கம்பிக் கூண்டு செய்யாத எதையும் அவை செய்துவிடப் போவதில்லை.

சேவல் இல்லை, கருமுட்டையும் இல்லை, 'பாவம், உட்காரட்டும்' என்று விட்டுவிடலாமா? விடலாம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் குஞ்சு வந்தால்தான் அடை இயல்பாக முடியும். முட்டை பொரியவே பொரியாது என்றால் சில கோழிகள் மூன்று வாரத்தையும் தாண்டி உட்கார்ந்து எலும்பும் தோலுமாகிவிடும். மண் குளியல் போடாததால் பேனும் செள்ளும் ஏறும். அதனால் ஒன்று முட்டை வையுங்கள், இல்லை தெளியவையுங்கள்.

அடை வைப்பது என்று முடிவானால்

கருமுட்டை வேண்டும், அதற்குச் சேவல் வேண்டும். முட்டையிடுவதற்குச் சேவல் தேவையில்லை, குஞ்சுக்குத்தான் தேவை. இது பலருக்கு இன்னும் புதுச் செய்தி. சேவல் ஒருமுறை மிதித்தாலே, அதாவது இணை சேர்ந்தாலே, கோழி அந்த விந்தணுக்களைத் தன் கருக்குழாயில் நுண்ணிய குழல்களில் சேமித்து வைத்து, பத்திலிருந்து பதினான்கு நாள் வரை கருமுட்டை இடும். சில சமயம் மூன்று வாரம்கூட.

ஒரு வாரத்துக்கு மேற்படாத முட்டைகளாகப் பாருங்கள். விரிசல் இல்லாதது, அளவான வடிவம், அழுக்கு இல்லாதது. கழுவ வேண்டாம். ஓட்டின் மேலிருக்கும் மெல்லிய பூச்சு கிருமி நுழையாமல் காக்கிறது. சேர்த்து வைக்கும் நாட்களில் குளிர்ச்சியான இடத்தில், கூரான முனை கீழே இருக்கும்படி வையுங்கள். நடுத்தர உடம்புள்ள கோழிக்குப் பத்து, பன்னிரண்டு முட்டை போதும். இறக்கைக்கு வெளியே ஒரு முட்டை எட்டிப் பார்த்தாலும் எண்ணிக்கை அதிகம். கெடுவது அந்த ஒன்று மட்டுமல்ல. கோழி முட்டைகளை இடம் மாற்றிக்கொண்டே இருப்பதால், ஒவ்வொரு நாளும் வேறு வேறு முட்டை குளிரில் கிடந்து எல்லாமே கெடும்.

எல்லா முட்டையையும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் வைக்க வேண்டும். பென்சிலால் ஒவ்வொன்றிலும் ஒரு கோடு போட்டுவிடுங்கள். மற்றக் கோழிகள் அந்தக் கூட்டில் புகுந்து முட்டையிட்டுவிட்டுப் போகும். கோடு இல்லாததை எடுத்துவிடலாம். இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் அடைக்கோழியைத் தனி இடத்துக்கு மாற்றுங்கள், அதுவும் இருட்டிய பிறகு. பகலில் மாற்றினால் பழைய இடத்துக்கே ஓடப் பார்க்கும். போலி முட்டை நாலைந்து வைத்து இரண்டு நாள் உட்காருகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு நல்ல முட்டையை வைப்பது புத்திசாலித்தனம்.

அப்புறம் நமக்குப் பெரிய வேலை இல்லை. சூடு, ஈரம், முட்டையைப் புரட்டுவது எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். தினம் ஒருமுறை, பதினைந்து இருபது நிமிடம் இறங்கிவரும். இறங்கவே மறுக்கிற கோழியை மெதுவாகத் தூக்கி இறக்க வேண்டும். தூக்குமுன் இறக்கைக்கடியில் முட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். நான் ஒருமுறை பார்க்காமல் தூக்கி, நல்ல முட்டை ஒன்று விழுந்து உடைந்தது. ஏழாம் நாள் இரவில் டார்ச்சை முட்டையின் அகலமான முனையில் வைத்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல ரத்தக்குழாய்கள் தெரிந்தால் கரு வளர்கிறது. தெளிவாக, மஞ்சளாக ஒளி ஊடுருவினால் அது கூமுட்டை, எடுத்துவிடலாம்.

இருபத்தொன்றாம் நாள் பொரிக்கும். ஒருநாள் முன்னே பின்னே இருக்கலாம். பொரிப்பதற்கு முன்பே ஓட்டுக்குள் இருக்கும் குஞ்சு கீச்சிட, தாய் மெல்லிய குரலில் பதில் சொல்லும். காதை அருகில் வைத்துக் கேட்டால் கேட்கும். ஓட்டை உடைக்க உதவி செய்ய ஆசை வரும், செய்யாதீர்கள். முதலில் பொரித்த குஞ்சு பசியால் செத்துவிடுமோ என்ற பயமும் வேண்டாம். பொரிக்கும் நேரத்தில் மிச்ச மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் வருகிறது. இரண்டு நாள் தீனி இல்லாமல் தாங்கும். கடைசிக் குஞ்சு வரும்வரை தாய் எழாமல் இருப்பதற்கு இயற்கை செய்து வைத்த ஏற்பாடு அது.

தீனியில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். முட்டைக்கோழித் தீனியில் சுண்ணாம்புச் சத்து மிக அதிகம், குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தாய்க்கும் சேர்த்தே குஞ்சுத்தீனி போடுங்கள். அது முட்டையிடாத காலம்தானே, அதற்கு ஒன்றும் குறையாது. தண்ணீர்த் தட்டு ஆழமில்லாமல் இருக்கட்டும், கூழாங்கல் போட்டு வைத்தால் குஞ்சு மூழ்காது. ஆறு, எட்டு வாரத்தில் தாய் குஞ்சுகளைக் கொத்தி விரட்டத் தொடங்கும். அதன் கணக்கில் வேலை முடிந்துவிட்டது. நம் கணக்கு அப்போதுதான் ஆரம்பம்.

பாதி சேவல்

பறவைகளில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தாய். சேவலின் விந்தணு எல்லாம் ஒரே வகை. கோழியின் கருமுட்டையில்தான் இரண்டு வகை உண்டு, இரண்டும் சரிபாதி. முட்டை வெளியே வருவதற்கு முன்பே முடிவாகிவிடுகிற விஷயம் இது. கூரான முட்டையில் சேவல் வரும், உருண்டையில் பெட்டை வரும் என்பதெல்லாம் நம்பிக்கை மட்டுமே. பத்தில் ஐந்து என்பதும் சராசரிதான். காசு சுண்டுவதைப் போல, பத்தில் எட்டு சேவலாக வந்து நிற்பதும் நடக்கும்.

பெரிய பொரிப்பகங்களுக்கும் இதே தலைவலி உண்டு. முட்டையின ஆண் குஞ்சுகள் முட்டையும் இடாது, இறைச்சிக்கும் வேகமாக வளராது என்பதால், பொரித்த அன்றே கொன்றுவிடுவது உலகம் முழுக்க வழக்கமாக இருந்தது. ஜெர்மனி 2022 தொடக்கத்திலிருந்து அதைச் சட்டப்படி தடுத்தது. அதன் பிறகு முட்டைக்குள்ளேயே ஆணா பெண்ணா என்று பார்த்துவிடும் கருவிகள் அங்கே பரவின. நம் கொல்லைக்கு அந்தக் கருவி இல்லை. காத்திருந்துதான் பார்க்க வேண்டும். ஆறு வாரம் வாக்கில் சிலவற்றின் கொண்டை தடித்துச் சிவக்கும், கால் பருத்திருக்கும். மூன்று மாதத்தை நெருங்கும்போது கழுத்திலும் வாலுக்கு முன்னாலும் நீண்டு கூர்மையான, பளபளப்பான இறகு வந்தால் சேவல்தான். பெட்டைக்கு அதே இடத்தில் இறகு முனை உருண்டையாக இருக்கும். அதற்குப் பிறகு ஒருநாள் தொண்டை கிழிந்த மாதிரி ஒரு கூவல் வரும்.

சரி, சேவல் அதிகமிருந்தால் என்ன? பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதில் கருவும் குறையாது, கோழிகளுக்கும் தொந்தரவில்லை. ஐந்து பெட்டைக்கு மூன்று சேவல் என்றால் அடி வாங்குவது பெட்டைகள். மிதிக்கும்போது சேவல் கழுத்து இறகை அலகால் கவ்வி, முதுகில் ஏறி, நகத்தால் பிடித்துக்கொள்ளும். திரும்பத் திரும்ப நடந்தால் முதுகு இறகு போய், தோல் கிழிந்து, விலாவில் காயம் புண்ணாகும். எல்லாப் பெட்டையையும் சமமாக மிதிப்பதுமில்லை, பிடித்த ஒன்றிரண்டைத்தான் துரத்தும். உங்கள் கூட்டத்தில் ஒரே ஒரு கோழிக்கு மட்டும் முதுகு வழுக்கையாக இருந்தால் காரணம் அநேகமாக அதுதான்.

கோழிகளுக்குள் கொத்து வரிசை ஒன்று உண்டு, யார் யாரைக் கொத்தலாம் என்ற தரவரிசை. நார்வேயைச் சேர்ந்த தோர்லீஃப் ஷெல்டெரப் எப்பே 1921இல் இதை முதலில் விவரித்து எழுதினார். சேவல்களுக்குள் அந்த வரிசை இன்னும் கறாரானது. விடியலில் முதலில் கூவுவதுகூடத் தலைமைச் சேவல்தான், மற்றவை வரிசைப்படி பின்னால் கூவும் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள். பெட்டைகளும் சும்மா இருப்பதில்லை. தாழ்ந்த வரிசைச் சேவல் வலுக்கட்டாயமாக மிதித்தால், அதன் விந்தை வெளியே தள்ளிவிடுகின்றன என்று 2000ஆம் ஆண்டில் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. ஆகவே சேவல் கூடினால் கருமுட்டையும் கூடும் என்று கணக்குப் போடாதீர்கள். ஒன்றை ஒன்று விரட்டி, மிதிக்கவிடாமல் தடுத்து, கரு குறையவும் செய்யும்.

நல்ல சேவல் ஒன்று இருப்பதன் மதிப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. பருந்து நிழல் தெரிந்தால் ஒரு குரல், தரையில் நாயோ பூனையோ வந்தால் வேறு குரல் என்று பிரித்து எச்சரிக்கும். புழு கிடைத்தால் தான் தின்னாமல் பெட்டைகளைக் கூப்பிட்டுக் காட்டும். அப்படிப்பட்டதை வைத்துக்கொள்ளுங்கள். மனிதர்கள்மேல் பாய்கிற சேவல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை வைத்து இனம் பெருக்காதீர்கள். அந்தக் குணம் குஞ்சுகளுக்கும் இறங்கும் என்பது என் அனுபவம். காலில் முள் வளர்ந்த பிறகு சிறுபிள்ளைகளுக்கு ஆபத்து.

மிச்சத்துக்கு வழிகள் சிலவே. சேவல் தேடுகிறவருக்குக் கொடுப்பது முதல் வழி. ஆனால் உங்களிடம் மிஞ்சும்போது எல்லோரிடமும் மிஞ்சியிருக்கும், நம்பி இருக்காதீர்கள். இறைச்சிக்கு வளர்ப்பது இரண்டாவது. அதற்கு மனம் ஒப்புகிறதா என்பதைத்தான் முட்டை வைக்கும் நாளிலேயே கேட்டுக்கொள்ளச் சொன்னேன். பெயர் வைத்த பிறகு கேட்பது கஷ்டம்.

மூன்றாவது, சேவல்களை மட்டும் தனிக் கொட்டிலில் வைப்பது. இது நடக்காது என்றுதான் நானும் நினைத்தேன். நடக்கிறது, ஆனால் பெட்டைகள் கண்ணில் படக்கூடாது. வேலிக்கு அப்பால் ஒரே ஒரு பெட்டை நடந்தாலும் ரணகளம். ஒன்றாகவே வளர்ந்த சேவல்களாக இருந்தால் தங்களுக்குள் வரிசை போட்டுக்கொண்டு பெரும்பாலும் அமைதியாக இருக்கும். தாராளமான இடம், இரண்டு மூன்று தீனித்தட்டு, தோற்றது ஓடி ஒளியத் தடுப்புகள் வேண்டும். நடுவில் ஒன்றைப் பெட்டைகளோடு பழகவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விட்டால் பழைய வரிசை செல்லாது, மறுபடி சண்டைதான். விடிகாலையில் நாலைந்து சேவல் வரிசையாகக் கூவுவதை அக்கம்பக்கத்தார் எவ்வளவு நாள் பொறுப்பார்கள் என்பது தனிக் கேள்வி. கூவலை நிறுத்த வழியில்லை. வெளிச்சம் வருமுன்பே உடம்பின் உள்கடிகாரம் கூவ வைக்கிறது, இருட்டறையில் அடைத்தாலும் நேரத்துக்குக் கூவும்.

கூட்டத்திலிருந்து சேவலைப் பிரிப்பதென்றால் இரவில் செய்யுங்கள், கம்பிலிருந்து சத்தமில்லாமல் எடுத்துவிடலாம். மீதமிருக்கும் சேவலின் குஞ்சுகள்தான் வேண்டும் என்றால், பிரித்த நாளிலிருந்து மூன்று வாரம் கழித்து இடும் முட்டைகளை அடைக்குச் சேருங்கள். அதற்கு முன் இட்ட முட்டையில் போன சேவலின் குஞ்சு வந்து நிற்கலாம். அந்த மூன்று வாரத்துக்குள் வேறொரு கோழி உப்பிக்கொண்டு உட்கார்ந்தால், கம்பிக் கூண்டு இருக்கவே இருக்கிறது.